அரசன் பட்ட கடன்

முப்பது ஆண்டுகளுக்கு முன், கண்ணெதிரே நிகழ்ந்த ஒரு சாலை விபத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும் பொருட்டு, ஒரு சிற்றூர் நீதிமன்றத்தின் தாழ்வாரத்திலே காலை பத்து மணி முதல் நான் காத்துக் கிடந்தேன். என் பக்கத்தில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாளும், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் கழுத்திலே மஞ்சள் கயிறு ஒன்றும் அதில் முடிந்த விரலி மஞ்சள் துண்டொன்றுமே இருந்தன. இரண்டு வருஷங்களுக்கு முன் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் எவனோ ஒருவன் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றும், போலீஸார் அவனைப் பிடித்துக் கொடியையும் மீட்டுவிட்டார்கள் என்றும், இன்று அது தம்முடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருப்பதாகவும் அவர் சொன்னார்.

டவாலி மூன்று முறை பெயரைக் கூவ, அம்மாள் கூண்டில் ஏறினார். குமாஸ்தா அரக்கு முத்திரையிட்ட பழுப்பு உறையைக் கிழித்து, வழக்கு எண் எழுதிய அட்டைத் துண்டு சணல் நூலில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கொடியை எடுத்து அவர் கையில் வைத்தார். "உங்களுடையதுதானா, அம்மா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கட்டினதுங்க, சாமி" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் நகத்தால் சணல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். குமாஸ்தா கடிந்துகொள்ளவில்லை, மெல்ல அதை வாங்கி மறுபடியும் உறையில் இட்டார். வழக்கு முடியவில்லையாம், முடியும்வரை அது சான்றுப் பொருளாம். அம்மாளின் கை சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தது. வெளியே வந்தபின் அவர் கணவர் என்னைப் பார்த்து, "கள்ளனும் எடுத்துக்கிட்டான், சர்க்காரும் எடுத்துக்கிட்டாங்க, இதை யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?" என்றார்.

அந்தப் பெரியவர் சாஸ்திரம் கற்றவரல்லர். ஆனால் அவர் தாழ்வாரத்தில் நின்று கேட்ட அதே கேள்வியை மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் கேட்டு விடையும் சொல்லியிருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது நான் திடுக்கிட்டேன். கள்வர் கொண்டுபோன பொருளை அரசன் மீட்டு, எந்த வருணத்தாராயினும் உடையவரிடம் சேர்த்துவிட வேண்டும். மீட்டதைத் தானே அனுபவிப்பானாயின் கள்வனுடைய பாபம் அவனைச் சேரும் என்பது அங்கே கண்ட விதி. மனுவோடு எனக்குள்ள பேதங்கள் பல. தண்டனைக்குத் தராசு பிடிக்கும்போது வருணத்துக்கு வருணம் எடைக்கல்லை மாற்றியவர் அவர். ஆயினும் இந்த ஓரிடத்தில் தராசை நேராகவே பிடித்திருக்கிறார். கௌதம தர்மசூத்திரமோ இன்னும் ஓரடி முன்னே சென்று, பொருளை மீட்க இயலாவிடில் அரசன் தன் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கக் கடவன் என்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் அவ்விதமே விதிக்கிறது. கள்ளன் அகப்படவில்லை என்பது குடிமகனுக்குச் சொல்லும் சமாதானமாக அந்த ஆசிரியர்களுக்குத் தோன்றவில்லை. அது அரசன் தன்மேல் ஏற்றுக்கொள்ள வேண்டிய நஷ்டமாகவே தோன்றிற்று.

ஏன் அவ்வாறு தோன்றிற்று என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். விளைவில் ஆறிலொரு பங்கை வரியாகக் கொள்ளும் அரசன் அதைக் காவலுக்குக் கூலியாகவே கொள்கிறான். காப்பானாயின் பிரஜைகளின் புண்ணியத்திலும் ஆறிலொரு பங்கு அவனுக்கு உண்டு, காவாது விடுவானாயின் அவர்களுடைய பாபத்தில் ஆறிலொரு பங்கு அவன் தலைமேல் ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். வரி வாங்கியவன் கூலி வாங்கியவன். கூலி வாங்கியவன் வேலையில் தவறினால் ஈடு செய்வது தர்மமாகுமேயன்றித் தயவாகாது.

இந்த எண்ணம் பாரத தேசத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணி நாம் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்பதற்குப் பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி கருங்கல்லிலே பொறித்துவைத்த சட்டம் இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் நிற்கிறது. கொள்ளையன் பிடிபடாவிட்டால், பறிகொடுத்தவன் தெய்வத்தின் சந்நிதியில் நின்று தான் இழந்தது இன்னதென்று சொல்ல வேண்டும். அந்தக் கொள்ளை எந்த ஊரெல்லையில் நிகழ்ந்ததோ அந்த ஊரும் அதன் தலைவனும் அதை ஈடு செய்ய வேண்டும். உயிரே போயிருந்தால், இறந்தவனுடைய சுற்றத்தாருக்கு ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, கொடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பறிகொடுத்தவனின் வாய்ச்சொல்லைத் தெய்வத்தை முன்னிட்டு நம்பிவிட்ட அந்தப் பழைய சட்டத்தையும், ரசீது எங்கே, நகல் எங்கே, மூன்று பிரதி எங்கே என்று கேட்கும் இக்காலத்து அலுவலகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை நான் அடக்கிக்கொள்கிறேன்.

தமிழ் நாட்டுத் தென் ஜில்லாக்களிலும் இதன் சாயல் ஒன்று நெடுங்காலம் இருந்தது. ஊர்க்காவல் ஏற்றவர்கள் குடிகளிடம் தானியமாகவும் பணமாகவும் காவற்கூலி பெற்றார்கள். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தருவது, முடியாவிட்டால் அதன் பெறுமானத்தைத் தருவது என்பது உடன்பாடு. அந்தக் காவலே சில ஊர்களில் மிரட்டலாக முற்றி, கூலி தராதவன் வீட்டு மாடுதான் முதலில் காணாமற்போகும், பிறகு அதை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்று வேறொரு தொகை கேட்கப்படும் என்ற நிலைமை வந்ததும் உண்மையே. ஆனாலும் காப்பதாக வாக்குக் கொடுத்தவன் இழப்புக்கும் பொறுப்பாளி என்ற நியாயம் அந்தச் சீரழிவினுள்ளும் மறையாமல் கிடந்தது.

மறைந்தது எப்போதென்றால், அரசு வளர்ந்து பெருத்தபோதுதான். பழைய ஆங்கிலேயர் சட்டத்தில் குற்றம் செய்தவன் இரண்டு தொகைகள் கட்ட வேண்டியிருந்தது: ஒன்று அடிபட்டவனுக்கோ அவன் குடும்பத்துக்கோ, மற்றொன்று அரசனுக்கு. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, குற்றமென்பது அரசனுடைய அமைதிக்கு இழைத்த தீங்கு என்ற கொள்கை வலுத்து, அரசன் பங்கு பெருகி, அடிபட்டவன் பங்கு குற்றவியல் சட்டத்திலிருந்தே நழுவிப் போயிற்று. பழிக்குப் பழி வாங்கும் உரிமையை மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது நாகரிகத்தின் பெரும் பேறுகளில் ஒன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழி வாங்கும் கையைக் கட்டியபோதே ஈடு வாங்கும் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்களே, அதுதான் அநியாயம். இன்றும் நம் நீதிமன்றங்களில் வழக்கின் பெயர் 'அரசு எதிர் இன்னார்' என்றுதானே இருக்கிறது? வெட்டுப்பட்டவன் அந்தத் தலைப்பில் இல்லை; உள்ளே, 'அ.சா.1' என்று எண்ணிட்ட அரசுத் தரப்புச் சாட்சியாக அவன் நின்றுகொண்டிருக்கிறான். அவனுடைய ரத்தம் தோய்ந்த சட்டைக்கும் ஓர் எண் உண்டு.

வள்ளுவர் கொடியவரைத் தண்டிப்பதைப் பயிரிடையே களை எடுப்பதற்கு ஒப்பிட்டார். அந்த உவமையை நம் அரசுகள் முழுவதும் ஏற்றுக்கொண்டுவிட்டன. களைக்கொட்டு ஓயாமல் விழுகிறது. களையினால் நெருக்குண்டு ஏற்கெனவே வாடிப்போன நாற்றுக்குத் தண்ணீர் விடுவது யார் வேலை?

இந்தக் கேள்வியை மேல்நாட்டில் மறுபடியும் எழுப்பியவர் மார்ஜரி ஃப்ரை என்ற ஆங்கிலப் பெண்மணி. குவேக்கர் குடும்பத்திலே பிறந்து, ஆயுள் முழுவதும் சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்கும் தூக்குத் தண்டனை ஒழிப்புக்கும் உழைத்தவர் அவர். குற்றவாளிக்காக வாதாடியவரே குற்றத்துக்கு ஆளானவருக்காகவும் வாதாடினார் என்பதை, இவ்விரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 1957-இல், தம் முதுமையில், அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. இரண்டு பேர் தாக்கியதால் கண்பார்வையை இழந்த ஒரு மனிதனுக்கு 11,500 பவுன் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. சிறையிலிருந்து வெளிவந்த அவ்விருவரும் வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டுமென்பது உத்தரவு. கடைசித் தவணையை வாங்குவதற்கு அந்தக் குருடர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடு இருந்தாக வேண்டும்! நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருக்கிறது. குற்றவாளியிடமிருந்தே வாங்கிக்கொள் என்று சொல்வது, பெரும்பாலும், வாங்காதே என்று சொல்வதற்கு மரியாதையான வேறு பெயர் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

1958-இல் அந்த அம்மையார் காலமானார். 1963-இல் நியூஸிலாந்து சட்டம் இயற்றி, 1964 ஜனவரி முதல் அரசே ஈடு கொடுக்கத் தொடங்கியது; அதே ஆண்டில் பிரிட்டனும் தொடர்ந்தது; அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். ஆனால் பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கும்போதே ஒரு வார்த்தையை மிகவும் ஜாக்கிரதையாகச் சேர்த்துக்கொண்டது: இது கடமையன்று, கருணை. நம் அரசாணைகளிலே 'கருணைத்தொகை' என்று அழகாக வருகிறதே, அதுவேதான். என் விவாதமெல்லாம் இந்த ஒரு சொல்லோடுதான்.

கருணையென்றால் என்ன குறைந்துவிட்டது, பணம் ஒன்றுதானே என்று கேட்கலாம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. தானம் கொடுப்பவனுக்கு வாங்குபவனுடைய யோக்கியதையைப் பார்க்கும் அதிகாரம் உண்டு. கடன்பட்டவனுக்கு அந்த அதிகாரம் இல்லை. எனக்குக் கடன் கொடுத்த செட்டியார் குடிப்பவரா, மனைவியோடு சண்டை போடுபவரா என்று விசாரித்து அதற்குத் தக்கபடி நான் பாக்கியைக் குறைத்துக்கொள்ள முடியுமா? கருணைத்தொகை என்று பெயரிட்ட உடனேயே அரசு பாத்திரம் பார்க்கத் தொடங்கிற்று. பிரிட்டனில், தாக்கியவனும் தாக்கப்பட்டவரும் ஒரே குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவராயின் ஈடு இல்லை என்று 1964-இல் ஒரு விதி எழுதினார்கள். சொந்தத் தகப்பனாலேயே சீரழிக்கப்பட்ட பெண் குழந்தை, அந்தத் தகப்பன் அதே வீட்டில் சோறு தின்றான் என்ற காரணத்தால், ஈட்டுக்கு அருகதையற்றதாயிற்று. முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் கிடைத்திருக்கும். 1979-இல் அந்த விதி தளர்த்தப்பட்டபோதும், அதற்கு முன் நிகழ்ந்தவற்றுக்கு அது ஒட்டிக்கொண்டே கிடந்து, 2018-இல் அப்பீல் நீதிமன்றம் அது நியாயமன்று என்று தீர்த்தபின், 2019-இல்தான் முற்றிலும் நீங்கியது. குழந்தைகளாக இருந்தவர்கள் அதற்குள் முதுமையை எட்டியிருந்தார்கள். கடனென்று ஒப்புக்கொண்ட ஓர் அரசு இவ்விதியை எழுதியிருக்க முடியாது.

ஜெர்மானியரின் வழி வேறு. 1976-இல் அவர்கள் இயற்றிய சட்டம், வன்முறைக்கு ஆளானவருக்குப் போரில் ஊனமுற்றவருக்குக் கொடுத்துவந்த உதவியையே அளவுகோலாகக் கொண்டது. பலாத்காரத்தைப் பிரயோகிக்கும் உரிமையைத் தனக்கென்று வைத்துக்கொண்ட அரசு, அதைக்கொண்டு காக்கத் தவறியபோது பொறுப்பேற்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இதைப் படித்தபோது எனக்கு நம் கல்வெட்டுக்கள் நினைவுக்கு வந்தன. போரில் வீழ்ந்தவனுடைய குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் விட்டார்கள் நம் முன்னோர். உதிரத்துக்கு ஈடான நிலம் என்பதைப் பெயரே சொல்கிறது, அதில் கருணையின் வாசனை கிடையாது. ஆனால் ஊருக்குள்ளே ஒருவன் கை தவறி இன்னொருவனைக் கொன்றுவிட்டால், கொன்றவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் விட வேண்டுமென்று சோழர் காலத்துச் சபையார் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்காலக் கணக்கு. சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். சாகாமலும் மூக்காமலும் அந்த மந்தை பெருகி, விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். உயிருக்கு உயிர் கேளாத அந்தத் தீர்ப்பின் மென்மையை நான் போற்றுகிறேன். ஆனால் இறந்தவனுடைய மனைவி அன்றிரவு தன் வீட்டில் விளக்கேற்ற எண்ணெய்க்கு என்ன செய்தாள் என்பதை நான் படித்த கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. அரசனுக்காகச் சிந்திய உதிரத்துக்கு நிலம், அரசன் காவாததால் சிந்திய உதிரத்துக்கு வேறெவரோ எரிக்கும் விளக்கு என்று நாம் பிரித்துவைத்ததை, ஜெர்மானியர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

ஜப்பானியர் 1974-இல் தோக்கியோ நகரின் நடுவே ஒரு கம்பெனியின் வாயிலில் வெடிகுண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தபின் விழித்துக்கொண்டு, 1980-இல் சட்டம் செய்தார்கள். அவர்கள் கொடுத்ததும், துன்பப்பட்டவரைப் பார்க்கப் போகிறவர் கையில் வைத்துவிட்டு வரும் தொகையின் பாவனையிலேயே தொடங்கிற்று. அமெரிக்க மத்திய அரசு 1984-இல் நிறுவிய நிதியோ, குற்றவாளிகள் கட்டும் அபராதத்தால் நிரம்புவது. வரிப்பணம் அதில் சேராது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய அபராதங்கள் வசூலாகாத வருஷத்தில் நிதி வற்றுகிறது, அடிபடுகிறவர்களோ அபராத வசூலைப் பார்த்து அடிபடுவதில்லை.

இஸ்லாமிய சட்டத்தில் இந்த விவகாரம் வேறொரு முகம் கொள்கிறது. அதைச் சிறிது நின்று பார்ப்பது தகும். அங்கே கொலைக்குப் பழி கேட்கவும், 'தியத்' என்ற ஈட்டுத்தொகையைப் பெற்றுக்கொண்டு விட்டுவிடவும், ஒன்றுமே பெறாமல் மன்னிக்கவும் உரிமை இறந்தவனுடைய வாரிசுகளைச் சேர்ந்தது. மன்னிப்பதைத் திருக்குர்ஆன் மேலானதாகச் சொல்கிறது. மன்னிக்கும் உரிமை அரசுக்கில்லை, துன்பப்பட்டவனுக்கே என்ற அந்தக் கருத்தில், நம் 'அரசு எதிர் இன்னார்' அறியாத ஓர் ஆழம் இருக்கிறது. ஆயினும் உரிமையைக் கொடுப்பதோடு அரசு ஒதுங்கிக்கொண்டால் என்ன நேரும் என்பதைப் பாகிஸ்தான் கண்டது. 1990-இல் அங்கே இம்முறை சட்டமானபின், குடும்ப மானம் என்று சொல்லித் தங்கையைக் கொன்ற அண்ணனைத் தகப்பனே வாரிசு என்ற முறையில் மன்னித்துவிடுவதும், பணமுள்ள கொலைகாரன் ஏழைக் குடும்பத்தை மிரட்டி மன்னிப்பை விலைக்கு வாங்குவதும் நடந்தன. 2016-இல், மானத்தின் பெயரால் செய்த கொலையில் வாரிசுகள் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டென்று சட்டத்தைத் திருத்தினார்கள். தனக்குச் சோறில்லாதவன் செய்யும் மன்னிப்பு மன்னிப்பாகாது. அரசு தன் கடனை முதலில் தீர்த்துவைத்தால்தான், ஏழை தன் மனத்தை உரைத்துப் பார்த்து, மன்னிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியும்.

இனி, நம்மவர் சொல்லும் பழைய சமாதானம் ஒன்று இருக்கிறது: எல்லாம் அவனவன் கர்மம். முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் வந்து தாக்குகிறது. அதற்கு அரசன் என்ன செய்வான்? இதைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பொக்கிஷத்திலிருந்து ஈடு கொடு என்று விதித்த ஸ்மிருதிகாரர்களைவிடக் கர்மத்தில் திடமான நம்பிக்கை கொண்டவர்கள் எவர்? அவர்கள் ஒருவரும், களவு கொடுத்தவனுடைய பூர்வ ஜன்ம பாபத்தைக் கணக்கிட்டு ஈட்டைக் கழித்துக்கொள் என்று எழுதவில்லை. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு, குற்றமற்ற வணிகனொருவனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், அந்த வினையே இப்போது மூண்டது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு விளக்குகிறது. வினையின் கணக்கு அங்கே பூரணமாக இருக்கிறது. ஆனால் அதைத் தெய்வம் சொல்வது பாண்டியன் இறந்த பிறகு. பாண்டியன் அதைச் சொல்லித் தப்பவில்லை. சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த அக்கணத்தில் அவன் தன் தவற்றை மட்டுமே கண்டான், உயிரையும் விட்டான். பிறர் துன்பத்துக்குக் கர்மத்தைக் காரணம் காட்டும் உரிமை, அந்தத் துன்பத்துக்குப் பொறுப்பான ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை என்பதை இளங்கோ இதைவிட எப்படிக் காட்டுவார்? பின்னால் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்ற செய்தியும் அந்நூலோடு சேர்ந்து வருகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் தலை! தண்டித்துவிட்டால் துன்பப்பட்டவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைக்கும் மயக்கம் நமக்குப் புதிதல்ல.

நம் நாட்டுச் சட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. விடுதலை என்று தீர்ப்பான பிறகும் பதினான்கு ஆண்டுகள் பீகார்ச் சிறையிலே கிடந்த ஒருவருக்கு அரசே ஈடு கொடுக்க வேண்டுமென்று 1983-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கடன் என்ற எண்ணம் முதன்முதலாகத் தலைகாட்டிற்று. தொகை முப்பத்தையாயிரம் ரூபாய்தான். மீட்ட நகைகளைப் படமெடுத்துப் பட்டியலிட்டுக்கொண்டு, வழக்கு முடியும்வரை வைத்திராமல் உடையவரிடம் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டுமென்று 2002-இல் அதே நீதிமன்றம் அறிவுறுத்தியது. தாழ்வாரத்துப் பெரியவருக்கு அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகள் பிந்திவிட்டது. கொடி அவர்கள் கைக்கு எப்போது வந்தது, வந்ததா என்பது எனக்குத் தெரியாது.

குற்றத்துக்கு ஆளானவருக்கும் அவரை நம்பி வாழ்ந்தவருக்கும் மாநில அரசு ஈட்டுத் திட்டம் வகுக்க வேண்டுமென்ற பிரிவு 2009-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவாக நிற்கிறது. குற்றவாளி இன்னாரென்று தெரியாமலே போய், வழக்கே நடவாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மனுக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. கௌதமர் சொன்னது ஏறக்குறைய அதுவேதான். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒரு துன்பம் நேர்ந்திருந்தால், ஜில்லா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்தாக வேண்டுமென்று சட்டமே சொல்கிறது; நாள் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.